மகிழ் என்ற பெயர் காலியாக இல்லை

கீரனூரில் என் தம்பி வீட்டு ஹாலில், ஜமுக்காளத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் தம்பியின் மகள். பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் மேல் வசம்பு வாசனையும் பவுடர் வாசனையும் அடித்தன. சமையல்கட்டிலிருந்து கேசரிக்கு நெய் ஊற்றுகிற வாசனை வந்துகொண்டிருந்தது. அவளுடைய குதிகால் என் உள்ளங்கையில் சூடாக இருந்தது.

என் வலது கையில் ஒரு வெற்றிலை. பிள்ளையின் காதை அந்த வெற்றிலையால் மறைத்துக்கொண்டு மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அதைச் செய்ய வேண்டியவள் அத்தை, அதாவது அப்பாவுடன் பிறந்தவள். பெற்றவர்கள் எத்தனை பெயர் வேண்டுமானாலும் யோசிக்கலாம், ஜோசியர் எந்த எழுத்தை வேண்டுமானாலும் குறித்துக் கொடுக்கலாம். அத்தையின் வாயிலிருந்து காதுக்குள் எது போகிறதோ, அதுதான் பேர். சீர் செய்து கையிருப்பைக் கரைக்கும் அத்தைமார்களுக்குக் கிடைக்கிற ஒரே அதிகாரம் இது என்று நான் அடிக்கடி சொல்வேன்.

நான் சொல்ல வேண்டிய பெயர் யாழினி. அது எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். வாசலில் ஆள் உயர ப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். நடுவில் பிள்ளையின் படம், அதன் கீழே ரோஜா நிறத்தில் யாழினி, சுற்றிலும் கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்கள். கேக்கிலும் யாழினி என்று எழுதியிருந்தது.

"சொல்லுக்கா, நல்ல நேரம் முடியப் போகுது" என்றான் தம்பி இளங்கோ.

நான் குனிந்தேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்வதற்கு நான் கொஞ்ச தூரம் பின்னால் போக வேண்டும். இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வழக்கம் தெரியும். நேரே போனால் எனக்கு எதுவும் நினைவுக்கு வராது.

நான் ஓடிய ஆண்கள் பந்தயம்

என் பெயர் தங்கம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பேர். எங்கள் வகுப்பில் இன்னொரு தங்கம் இருந்தான். தங்கராசு இல்லை, தங்கவேலு இல்லை, வெறும் தங்கம். அவன் வீட்டில் அதற்கு மேல் யோசிக்கவில்லை போல.

ஒரு விளையாட்டு விழாவில் மைக்கில் "தங்கம்" என்று கூப்பிட்டார்கள். நான் போய்க் கோட்டில் நின்றேன். இரண்டு பக்கமும் பையன்கள். விசில் ஊதிவிட்டார்கள், வேறு வழியில்லாமல் ஓடினேன். கடைசியாகத்தான் வந்தேன். ஆனாலும் உண்மையான தங்கம் ஓட முடியாமல் போனதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அவன் என் பென்சில் பெட்டியை உடைத்தவன்.

பழைய காலத்தில் இப்படிப் பொதுப் பெயர்கள் நிறைய இருந்தன. பாக்கியம், மணி, ஜோதி, செல்லம். நான் டீச்சராக இருக்கும் அங்கன்வாடியில் உதவியாளராக வேலை பார்க்கும் சகாயமேரிக்குச் சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். "எங்க ஊர்ல ஆரோக்கியம்னா, வாரது ஆம்பளயா பொம்பளயான்னு ஆளு வாசலுக்கு வந்தாத்தான் டீச்சர் தெரியும்" என்பாள். அவளுடைய தாத்தாவும் ஆரோக்கியம், அவளுடைய சித்தியும் ஆரோக்கியம். கோயில் திருவிழாவில் ஆரோக்கியம் என்று கூப்பிட்டால் பந்தலில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்களாம்.

அந்தப் பெயர்களெல்லாம் யாரும் திட்டம் போட்டு வைத்தவை அல்ல. எங்கள் வீட்டில் வைத்த பெயர் அப்படியில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கோகர்ணத்து மகிழ மரம்

என் வீட்டுக்காரர் முருகேசன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். அவர் நீண்ட லீவில் வந்திருந்தபோதுதான் நான் முதல் தடவை உண்டானேன். பிள்ளை பிறக்கிறவரை லீவு கிடைக்காது. ஆறாம் மாதம் முடியும்போது திருச்சியில் விமானம் ஏறியாக வேண்டும்.

போவதற்கு முந்தின வாரம் புதுக்கோட்டைக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். எங்கள் ஊரான ஆலங்குடியில் ஏறிய பஸ்ஸில் உட்கார இடமில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி என்று பார்த்து ஒரு காலேஜ் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். அவர் என்னுடைய பையையும், அவளுடைய பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நின்றார்.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில், என்ன பிள்ளை என்று சொல்ல மாட்டோம், கேட்பதும் குற்றம் என்று பெரிதாக எழுதிப் போட்டிருந்தது. இவர் அதை இரண்டு தடவை வாசித்தார். வெளியே வந்ததும், "கோகர்ணம் போயிட்டு வருவமா?" என்றார்.

திருக்கோகர்ணம் கோயிலில் தல மரம் மகிழம். நாங்கள் போனபோது பூ கொட்டிக் கிடந்தது. மகிழம்பூவைப் பார்த்திருப்பீர்கள். சின்னதாக, சந்தன நிறத்தில், ஓரமெல்லாம் வெட்டி வெட்டி இருக்கும். காய்ந்து பழுப்பாகிப் போனாலும் வாசனை போகாது. அவர் குனிந்து குனிந்து பொறுக்கி என் முந்தானையில் போட்டார்.

"தங்கம், நான் திரும்பி வாரப்ப பிள்ளை நடக்க ஆரம்பிச்சிரும். பேரு வைக்கிற அன்னைக்கு நான் இருக்க மாட்டேன். ஒங்க வீட்டுல ஒண்ணு சொல்லுவாங்க, எங்க வீட்டுல ஒண்ணு சொல்லுவாங்க. நீ நடுவுல மாட்டிக்கிருவ. இப்பவே வச்சுட்டுப் போயிர்றேன்."

"என்ன பிள்ளைன்னே தெரியாதுங்க. எப்டி வைப்பீங்க?"

"ரெண்டுக்கும் பொருந்துற மாதிரி வச்சாப் போச்சு."

இன்னும் கொஞ்சம் பூவைப் பொறுக்கினார். பிறகு, பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு என் வயிற்றுக்குப் பக்கத்தில் வந்து, "மகிழ்" என்றார். மூன்று தடவை சொன்னார். வெட்கத்தில் எனக்கு முகம் சிவந்துவிட்டது. பிரகாரத்தில் ஒரு பூ விற்கிற அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அன்றைக்குப் போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு. பஸ்ஸில் திரும்பி வரும்போது வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். மகிழ், ஆலங்குடி வந்திருச்சு. மகிழ், எறங்கு.

வளைகாப்பில் உளறியது

அவர் போன பிறகு எனக்கு வளைகாப்பு நடந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல், கன்னமெல்லாம் சந்தனம், ஏழு வகைச் சோறு. பெண்கள் மட்டும் கூடினால் பேச்சு எங்கெங்கோ போகுமல்லவா? யாரோ, "பேரு யோசிச்சாச்சா தங்கம்?" என்றார்கள்.

"வச்சே ஆச்சு. மகிழ்" என்றேன்.

என் அம்மா சட்டென்று என் தொடையில் கிள்ளினார். "வாய மூடு. வயித்துல இருக்குறதுக்கு யாராச்சும் பேரு வைப்பாங்களா?" என் மாமியார் எழுந்து போய் மிளகாயும் உப்பும் எடுத்து வந்து எனக்குச் சுற்றிப் போட்டார்.

ஆனால் எதிர்வீட்டு ரேவதிக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. அவளுக்கும் அப்போது மூன்றாம் மாதம். அவள் கணவனும் வெளிநாட்டில், துபாயில். "ரெண்டுக்கும் சேருமாக்கா? நல்லாருக்கே" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் காலையில் பிள்ளை அசையவில்லை.

அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாமனார் எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்து, வராந்தாவில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா என் பக்கத்தில் வந்து, என்ன பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நான் கேட்கவே இல்லை. பிறகும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த பிள்ளையின் பெயர் மகிழ். அந்தப் பெயருக்கு அதற்கு மேல் ஒரு விவரம் தேவைப்படவில்லை.

மஸ்கட்டிலிருந்து அவர் போனில் அழுதார். நானும் அழுதேன். இரண்டு பேருமே அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் சொல்லாமலே இருந்தோம். பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது.

எதிர்வீட்டில் ஒரு மகிழ்

சில மாதம் கழித்து ரேவதிக்கு ஆண் குழந்தை பிறந்தது. மகிழ் என்று பெயர் வைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலாகக் காதில் விழுந்தது. "மகிழுக் குட்டி, எந்திரிச்சிட்டீங்களா?" என்று எதிர்வீட்டு வாசலில் கொஞ்சிக்கொண்டிருந்தாள். குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ரேவதியோடு ரொம்ப நாள் பேசவில்லை.

பேர் யாருக்கும் சொந்தமில்லை, பட்டா போட முடியாது என்று ஊரில் எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். முடியாதுதான். ஆனால் என் பிள்ளைக்கு இந்த உலகத்தில் ஒரு சட்டை இல்லை, ஒரு போட்டோ இல்லை. இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் எதிர்வீட்டில் எடுத்துக்கொண்டால் கோபம் வராதா? எனக்கு வந்தது. அது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

ரேவதியோடு நிற்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு பெண் குழந்தைக்கு வைத்தார்கள். பிறகு மேலத் தெருவில், பிறகு பக்கத்து ஊரில். இந்தப் பெயரை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று நான் மார்தட்டவில்லை. எந்தெந்த ஊரிலோ எத்தனையோ மகிழ்கள் இருப்பார்கள். ஆனால் எங்கள் ஊருக்குள் அது வந்தது என் வளைகாப்பு வழியாகத்தான்.

ஏன் இப்படிப் பரவியது என்று யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். பிள்ளை பிறக்கிறபோது முக்கால்வாசித் தகப்பன்மார் ஊரில் இருப்பதில்லை. பேர் வைக்கிற ஆசையை மட்டும் யாரும் பெட்டியில் வைத்துக் கட்டி எடுத்துப் போக முடியாதே. போவதற்கு முன்னால் வைத்துவிட்டுப் போக வேண்டுமென்றால் அது பொதுப் பெயராகத்தான் இருக்க முடியும்.

மற்ற ஊர்களில் மகிழன் என்றும் மகிழினி என்றும் வால் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் வால் ஒட்டுவதில்லை. வயிற்றில் இருக்கும்போதே வைத்துவிட்டால் எந்த வாலை ஒட்டுவது?

கோகர்ணத்துக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, வயிற்றுப் பக்கம் குனிந்து பெயரைச் சொல்லிவிட்டு ஏர்போர்ட்டுக்குப் போவது எங்கள் தெருவில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆரம்பித்து வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் என்று நானும் சொல்லிக்கொள்வதில்லை.

தம்பி, பாப்பா

மூன்று வருஷத்தில் எதிர்வீட்டு மகிழ் என் அங்கன்வாடிக்கே வந்து சேர்ந்தான். மதியம் கைகழுவக் கூப்பிட வேண்டும், பாட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாக வேண்டும். நான் அவனைத் தம்பி என்றே கூப்பிட்டேன். அடுத்த வருஷம் பெண் மகிழ் வந்தாள். அவள் பாப்பா.

சகாயமேரி கொஞ்ச நாள் பார்த்தாள். ஒருநாள் முட்டை உரித்துக்கொண்டே, "டீச்சர், எல்லாப் பிள்ளைக்கும் பேரு இருக்கு. இந்த ரெண்டுக்கு மட்டும் இல்லையா?" என்றாள்.

"ஒனக்கு வாய் இருக்குல்ல? நீ கூப்பிடு" என்றேன். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரையும் அவள்தான் கூப்பிட்டாள். நான் கூப்பிட வேண்டிய நேரத்தில் சரியாக வந்து நின்றுகொள்வாள். அவளுக்கு விஷயம் தெரியும் என்று எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

இதற்கிடையில் எனக்கு ஒரு மகன் பிறந்தான். "மகிழ்னே வச்சிருவமா? நாமதானே மொதல்ல யோசிச்சோம்" என்று அம்மா மெல்லக் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். அந்தப் பெயர் காலியாக இல்லை, அதற்கு ஆள் இருந்தது. வீட்டுக்காரர் போனில், "ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். மாமனார் தன் விருப்பப்படி கார்த்திக் என்று வைத்தார். நல்ல பெயர்தான். அவனும் நல்ல பையன்தான், பாத்திரம் மட்டும் கழுவ மாட்டான்.

சத்யா கேட்டது

தம்பி மனைவி சத்யா அதிகம் பேச மாட்டாள். பேசினால் நேராகப் பேசுவாள். அவளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். கீரனூரிலிருந்து புதுக்கோட்டை, அங்கே இறங்கி ஆலங்குடி பஸ். அந்த வயிற்றோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"எதுக்கு இப்டி அலையிற? ஒரு போனப் போட்டாப் பத்தாதா?"

"போன்ல கேக்குற விசயம் இல்லண்ணி." தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள். "திட்டக் கூடாது. எம் பிள்ளைக்கு மகிழ்னு பேரு வைக்கணும்னு எனக்கு ஆச. அவரு, அக்காகிட்டக் கேக்கவே கேக்காதன்னு சொல்லிட்டாரு. ஊரே ஒங்களக் கேக்காம வச்சிருச்சு. நான் கேட்டுத்தான் வைப்பேன்."

அத்தனை வருஷத்தில் என்னிடம் அனுமதி கேட்ட ஒரே ஆள் அவள்தான். கேட்டதே பெரிது என்று மனசு கரைந்தது. ஆனாலும் கொடுக்க மனசு வரவில்லை.

"அது ஆள் இருக்குற பேரு, சத்யா. வேற பாரும்மா."

"சரிண்ணி" என்றாள். முகம் கோணவில்லை. நான் வைத்த மீன்குழம்பை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மாலை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள்.

பிள்ளை பிறந்தது. பெண். யாழினி என்று முடிவு செய்து ப்ளெக்ஸ் அடித்தார்கள். இப்போது நீங்கள் என்னோடு அந்த ஹாலுக்குத் திரும்பி வரலாம்.

வெற்றிலைக்குப் பின்னால்

பிள்ளையை என் மடியில் வைக்கும்போது சத்யா எனக்கு மட்டும் கேட்கும்படி ஒன்று சொல்லியிருந்தாள். "யாழினி நல்ல பேருதாண்ணி. ஆனா, சொல்லப் போறது நீங்க. ஒங்க வாயில என்ன வருதோ அதான் எம் பிள்ளைக்குப் பேரு."

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் யாழினி என்று சொல்லிவிட்டுக் கேசரி சாப்பிடப் போயிருப்பேன்.

குனிந்து அந்தக் காதைப் பார்த்தேன். பால் மணம். மேல் மடலில் பூனை முடி இன்னும் உதிரவில்லை. இவ்வளவு சின்னக் காது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. என் பிள்ளைக்குப் பெயர் இருந்தது, ஆனால் அதைக் காதில் யாரும் சொல்லவில்லை. அவர் சொன்னது என் வயிற்றுத் தோலிடம். அதற்குப் பிறகு நானும் அதை வாய்க்குள்ளேயே பூட்டிவைத்துவிட்டேன். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேரைப் பூட்டிவைத்தால் அது யாருக்குப் பயன்படும்?

அந்த இடத்தில் நான் அழவில்லை. எனக்கே ஆச்சரியம்தான்.

வெற்றிலையை வைத்து மறைத்துக்கொண்டேன். "மகிழ்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிள்ளை காலை உதைத்தாள். இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் நன்றாகவே சொன்னேன்.

"இப்ப எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லு" என்றார் அம்மா.

"மகிழ்" என்றேன்.

கேக் வெட்டக் கத்தியோடு தயாராக நின்ற தாய்மாமன் ஒருவர் கேக்கைப் பார்த்தார். இளங்கோவுக்கு முகம் வெளிறிவிட்டது. அவன் பயந்தது எனக்காக என்பது பிறகுதான் புரிந்தது. அந்த நேரத்தில் அவன் வாயில் வந்தது வேறு.

"அக்கா, ப்ளெக்ஸு..."

"ப்ளெக்ஸு கெடக்குதுங்க" என்றாள் சத்யா. "அத்தை சொல்லியாச்சு. இனிமே மாத்தப்புடாது." பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கி, "மகிழ், அத்தைக்கு ஒரு முத்தம் குடு" என்று அதன் கன்னத்தை என் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

கேக்கைப் பெயர் இருந்த பக்கமாக முதலில் வெட்டித் தின்று தீர்த்தோம். அந்த ப்ளெக்ஸ் பிறகு தம்பியின் மாமனார் வீட்டில் ஆட்டுக் கொட்டகைக்குத் தார்ப்பாயாகிவிட்டது. மழைக்கு நல்ல உதவி என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் அங்கன்வாடியில் மதியச் சாப்பாட்டு நேரம். ரேவதி மகன் எல்லாம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்ட காலம் அது. அவனுக்குப் பின்னால் வந்த மகிழ்கள் வேறு இருந்தார்கள். சகாயமேரி வழக்கம்போல முன்னால் வந்து நின்றாள். நான் அவளைக் கையால் தடுத்துவிட்டு, "மகிழ், கைகழுவ வா" என்றேன்.

மூன்று பேர் தட்டோடு ஓடி வந்தார்கள். இரண்டு பெண், ஒரு பையன். டீச்சர் தங்கள் பெயரைச் சொல்லி முதல் தடவையாகக் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. யார் முதலில் வந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சகாயமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சாம்பார் வாளியைக் கிண்டினாள்.

வெள்ளிக்கிழமை போன்

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவு. மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் வீடியோ காலில் வந்தார். பின்னால் கொடியில் ஈரக் கைலிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"என்ன தங்கம், யாழினி அத்தை எப்டி இருக்காக? ப்ளெக்ஸு போட்டோ பாத்தேன். இளங்கோ மச்சினனுக கண்ணாடியக் கழட்டவே மாட்டானுகளா?"

"யாழினி இல்லங்க."

"பின்ன?"

"மகிழ்."

அவர் போனைக் கட்டிலில் வைத்துவிட்டார் போல. எனக்கு மேற்கூரையும் சுற்றுகிற காற்றாடியும்தான் தெரிந்தன. தப்புப் பண்ணிவிட்டோமோ, இவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டுமோ என்று எனக்குப் பயம் வந்தது. பெயர் வைத்தவர் அவர்தானே. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். மீசையில் தண்ணீர் சொட்டியது.

"காதுல யாரு சொன்னா?"

"நாந்தான். அத்தை இருக்கும்போது வேற யாரு சொல்லுவா?"

"வாய் வந்துச்சா ஒனக்கு?"

"வந்துச்சுங்க."

தலையை ஆட்டினார். "நல்ல காரியம் பண்ணுன" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "தங்கம், அன்னைக்கு அப்பா எங்கிட்ட மட்டும் போன்ல சொன்னாரு. நீ கேக்கவே இல்ல. அதனால நானும் சொல்லல. இப்பச் சொல்லவா? நம்ம பிள்ளை..."

"வேணாங்க."

"தெரிஞ்சுக்கிட்டா ஒனக்கு மனசு ஆறுமேன்னு பாத்தேன்."

"ஆறாதுங்க. பொண்ணுன்னு சொன்னீங்கன்னா மகிழ்னு இருக்குற பையனுக எல்லாம் எனக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையாப் போயிருவாங்க. பையன்னு சொன்னா பொண்ணுக போயிருவாங்க." மூச்சு விட்டுக்கொண்டு சொன்னேன். "சொல்லாதீங்க. எனக்கு ரெண்டும் வேணும்."